கோழிக்கே திரும்பி வந்த மனு

ஒரு காட்டுல ஒரு ராசா இருந்துச்சு. உடனே சிங்கம்னு நெனச்சிருப்பீங்களே! அதான் இல்ல. நம்ம மலைப்பக்கத்துக் காட்டுல எங்க பிள்ளைங்களா சிங்கம் இருக்கு? ஆளாளுக்குக் கதையில கூப்பிட்டுக் கூப்பிட்டு, அது பாவம், போயிட்டு வந்து போயிட்டு வந்து இடுப்புப் புடிச்சுப் படுத்துக் கெடக்கு. இந்தக் காட்டுக்கு ராசா காட்டெருமை.

ஆளு மலை மாதிரி. கொணமும் மலை மாதிரிதான், அசையாது. அசையிறது வாய் ஒண்ணுதான். காலையில மேஞ்சதைச் சாயங்காலம் வரைக்கும் அசை போடும். யாரு வந்து என்ன கேட்டாலும் "ம்ம்..." அம்புட்டுதான். அதுக்குச் சரின்னு அர்த்தமா, இல்லேன்னு அர்த்தமா, புல்லு பல்லுல மாட்டிக்கிச்சுன்னு அர்த்தமான்னு ஒருத்தருக்கும் தெரியாது.

அந்தக் காட்டுல பள்ளிக்கூட வரின்னு ஒண்ணு இருந்துச்சு. மாசாமாசம் வீட்டுக்கு ஒரு கூடை பழம். யானை வீட்டுக்கும் ஒரு கூடை, காட்டுக்கோழி வீட்டுக்கும் ஒரு கூடை.

"நம்ம காட்டுல பெரிசு சிறிசு கெடையாது. எல்லாரும் சமம்" அப்டீன்னு வரி வாங்குற பெருச்சாளி தொப்பையைத் தடவிக்கிட்டே சொல்லும்.

யானை மரத்தை ஒரு உலுக்கு உலுக்கும், கூடை நெறஞ்சிரும். கோழி ஒவ்வொரு நாவப்பழமாக் கவ்விக்கிட்டு நூறு நடை நடக்கும். ரொம்பச் சமம்!

சரி, வாங்கின கூடையை எங்க வைக்கிறது? மழை படாத எடம் அந்தக் காட்டுலயே ஒரு குகைதான். அதுலதான் பள்ளிக்கூடம் நடந்துச்சு.

"பள்ளிக்கூடத்துக்குன்னு வாங்கின வரி. பள்ளிக்கூடத்துலயே வச்சா என்ன?" அப்டீன்னுச்சு பெருச்சாளி.

மொத மாசம் கூடையெல்லாம் கடைசிச் செவத்தோரம் உக்காந்துச்சு. ரெண்டாம் மாசம் நடுவுல வந்துச்சு. மூணாம் மாசம் பிள்ளைங்க வாசல்ல உக்காந்து படிச்சுச்சுங்க. நாலாம் மாசம் யானையைக் கூப்பிட்டு வாசல்ல ஒரு பாறையை உருட்டி வச்சு அடைச்சாச்சு. உள்ள பழம் ஒண்ணாங்கிளாஸ் படிச்சுச்சு. வெளிய பிள்ளைங்க பராக்குப் பாத்துச்சுங்க.

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் ஒரு கீரி. அது சும்மா அ, ஆ சொல்லிக் குடுக்குற வாத்தியார் இல்ல. வேடனுங்க வைக்கிற கண்ணி எப்படி இருக்கும், சுருக்கு எப்படி இருக்கும், எங்க மிதிச்சா உசுரு போகும், எங்க மிதிச்சா தப்பிக்கலாம்னு சொல்லிக் குடுக்குற வாத்தியார். உள்ள எடம் இல்லேன்னதும் புங்க மரத்தடியில நாலு பிள்ளைங்களைக் கூட்டிவச்சு ஆரம்பிச்சுச்சு.

பெருச்சாளி ஓடி வந்துருச்சு. "ஏய்யா வாத்தியாரே, பள்ளிக்கூடத்துக்குள்ள சொல்லிக் குடுத்தா அது பாடம். வெளிய சொல்லிக் குடுத்தா அது டியூசன். டியூசனுக்கு ரெண்டு கூடை வரி. இருக்கா?"

"அப்ப பள்ளிக்கூடத்தைத் தொறந்து விடுங்க."

"எப்படித் தொறக்குறது? உள்ள வரி இருக்குல்ல!"

கீரி பாம்போட எல்லாம் சண்டை போட்ட ஆளு. இந்த நாயத்தோட சண்டை போட அதுக்குத் தெம்பு இல்ல. போயிருச்சு.

இப்பச் செவத்தின்னு ஒரு காட்டுக்கோழி. அதுதான் நம்ம ஆளு. வாய் கொஞ்சம் நீளம், கழுத்தை விட நீளம்னு வச்சுக்கங்க. போன வருசம் அதுக்கு ஒம்பது குஞ்சு. தெனை அறுப்பு நேரத்துல வேடனுங்க காட்டோரமா சுருக்கு வச்சப்ப ரெண்டு போயிருச்சு. இப்ப ஏழு. ஏழாவது பேரு பொட்டு. எதைப் பாத்தாலும் மொத ஆளா ஓடிப் போயிக் கொத்துற ரகம்.

தெனை அறுப்புக்கு இன்னும் பதினெட்டு நாள்தான் இருந்துச்சு. செவத்திக்குச் சுருக்கு பத்தி ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சிருந்தா ரெண்டு குஞ்சைக் குடுத்திருக்குமா? தெரிஞ்சது கீரி வாத்தியார் ஒருத்தருக்குத்தான். செவத்தி தெனம் சாயங்காலம் குஞ்சுகளை எண்ணும். ஏழு வரைக்கும் எண்ணிட்டு, வாய் தன்னால எட்டுன்னு வந்து நிக்கும்.

ஒரு நாள் ரெக்கையை ஒதறிக்கிட்டு நேரா மனு நாளுக்குப் போயிருச்சு.

மனு நாள்னா, வாரத்துல ஒரு நாள் ராசா மரத்தடியில நின்னு அசை போடும். எல்லாரும் வந்து கொறை சொல்லுவாங்க. ஒரு குரங்கு அதை எருக்கலையில முள்ளால கீறி எழுதும். ஏன் எருக்கலை? மத்த எலையில எழுதினா ராசா தின்னுரும். முன்னாடி அப்படித்தான் முந்நூறு மனு ராசா வயித்துக்குப் போச்சு. வெள்ளாடு மொகம் திருப்புற எருக்கலைன்னா ராசாவும் தொடாது.

"வா செவத்தி மதினி" அப்டீன்னுச்சு குரங்கு. "என்ன, முட்டை காணாமப் போச்சா?"

"முட்டை இல்ல கொழுந்தனாரே, மூளை காணாமப் போச்சு. இந்தக் காட்டோட மூளை. எழுதிக்க. மொத யோசனை, வரி பத்தி. வீட்டுக்கு ஒரு கூடைங்கிறதை விட்டுட்டு வயித்துக்குத் தக்க வரி வாங்கணும். பெரிய வயிறு பெரிய கூடை, சின்ன வயிறு சின்னக் கூடை."

கூட்டத்துல ஒரு காட்டுப்பன்னி, "அப்ப என் வயித்தை யாரு அளக்குறது?" அப்டீன்னுச்சு.

"அளக்க வேணாம் மாமா, தூரத்துலயே தெரியுது."

எல்லாரும் சிரிச்சாங்க. பன்னி வயித்தை உள்ள இழுத்துக்கிச்சு.

"ரெண்டாவது, பள்ளிக்கூடம் பத்தி. பழம் இருக்குறதால எடம் இல்லேங்கிறீங்க. அந்தப் பழத்தை மத்தியானம் பிள்ளைங்களுக்கே போடுங்க. தின்னா கூடை காலி. கூடை காலியானா எடம் காலி. எடம் இருந்தா பாடம் நடக்கும். சோறு போடுறாங்கன்னா ஓடுற பிள்ளைங்களும் வந்து உக்காரும். வரியும் பள்ளிக்கூடத்துக்கு, பள்ளிக்கூடமும் பிள்ளைங்களுக்கு. முடிஞ்சுச்சு."

 ராசா வாயை இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் தள்ளி, "ம்ம்..." அப்டீன்னுச்சு. எருக்கலையில பொத்துன்னு குளம்பை வச்சுச்சு.

குளம்பு விழுந்தா அது உத்தரவு. அந்தக் காட்டு வழக்கம் என்னன்னா, குளம்பு போட்ட மனு யாரு கைக்குப் போகுதோ அவங்கதான் தக்க நடவடிக்கை எடுக்கணும். ராசா உத்தரவை நடுவுல எவனாவது தடுத்தா கொம்புல ஒரு தூக்கு. ஆனா ஒரு வழி இருக்கு. நமக்கு இதுல சம்பந்தம் இல்லேன்னு சொல்லி, "தக்க நடவடிக்கைக்காக" அப்டீன்னு எழுதி அடுத்த ஆளுக்கு அனுப்பிட்டா நம்ம வேலை முடிஞ்சுச்சு. அந்தக் காட்டு அதிகாரிங்க எல்லாம் இந்த ஒரு வித்தையிலதான் கெட்டிக்காரங்க.

மனு மொதல்ல பெருச்சாளிக்குப் போச்சு.

பெருச்சாளி படிக்கப் படிக்க அதோட மீசை ஆடுச்சு. "வரின்னு இருக்குதான். ஆனா பள்ளிக்கூடம்னும் இருக்கே! கல்விக்கு அனுப்பு."

கல்வி அதிகாரி ஆந்தை. பகல்ல ஆபீசு, பகல்ல ஆந்தைக்குத் தூக்கம். குரங்கு பொந்துல தட்டு தட்டுன்னு தட்டி நாலு நாள் கழிச்சு ஒரு கண்ணு தொறந்துச்சு.

"என்னப்பா?"

"மனுங்க. பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடத்துல பழம் போடணுமாம்."

"பழமா? பழம்னா தீனி. தீனின்னா கரடி. கரடிக்கு அனுப்பு." கண்ணு மூடிக்கிச்சு.

தீனி அதிகாரி கரடி தேன்கூட்டுக்குள்ள தலையை விட்டுக்கிட்டு இருந்துச்சு. தலையை எடுக்காமயே, "தேனா?" அப்டீன்னுச்சு.

"இல்லீங்க, பழம்."

"பழம் மரத்துல இருந்தா என் பொறுப்பு. கூடையில விழுந்துட்டா அது வரி. பெருச்சாளிக்கு அனுப்பு."

இப்படியே பதிமூணு நாள் ஓடிப் போச்சு. அதுக்குள்ள தெனைக்கதிர் மஞ்சளாயிருச்சு. செவத்தி தெனம் குரங்குகிட்ட வந்து நிக்கும்.

"என்னாச்சு கொழுந்தனாரே?"

"போய்க்கிட்டே இருக்கு மதினி."

"எங்க போய்க்கிட்டு இருக்கு?"

"அதான், போய்க்கிட்டே."

ஒரு நாள் பொட்டு காட்டோரம் போயிருச்சு. செவத்தி தொண்டை கிழியக் கத்திக் கூப்பிட்டுக்கிட்டு வந்துச்சு. அன்னைக்குச் சுருக்கு இல்ல. ஆனா மண்ணுல புதுசா செருப்புத் தடம் இருந்துச்சு. வேடனுங்க எடம் பாத்துட்டுப் போயிருக்கானுங்க. 

மறுநாள் மனு சுத்திச் சுத்திப் பெருச்சாளிகிட்டயே திரும்பி வந்துருச்சு. பெருச்சாளிக்கு எரிச்சல். திரும்ப ஆந்தைக்கு அனுப்பலாம்னா குரங்கு, "ஐயா, அந்தப் பொந்தைத் தட்டித் தட்டி என் கை வீங்கிப் போச்சு. வேற யாராவது சம்பந்தப்பட்டவங்க இருந்தாச் சொல்லுங்க" அப்டீன்னுச்சு.

பெருச்சாளி பல்லைக் காட்டிச் சிரிச்சுச்சு. "சம்பந்தப்பட்டவங்களா? இதுல ரொம்பச் சம்பந்தப்பட்டது யாரு? அந்தக் கோழிதானே? வரி கட்டுறது அது, பிள்ளைங்க வச்சிருக்கிறது அது, யோசனையும் அதோடது. அதுக்கே அனுப்பு! நல்லா எழுது. 'இம்மனு காட்டுக்கோழி செவத்திக்குத் தக்க நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது.' நடவடிக்கை எடுக்கட்டும், பாப்போம்!"

பக்கத்துல இருந்த அதோட எடுபுடி எலி நாலும் உருண்டு உருண்டு சிரிச்சுச்சுங்க. என்னா அறிவு, என்னா அறிவு!

குரங்குக்கு அதைக் கொண்டாந்து குடுக்க வெக்கமா இருந்துச்சு. "மதினி, கோவிச்சுக்காத. உன் மனு உனக்கே வந்துருச்சு."

செவத்தி எலையை இப்படித் திருப்பி அப்படித் திருப்பிப் பாத்துச்சு. அதுக்குப் படிக்கத் தெரியாது. "என்ன எழுதியிருக்கு, படி."

குரங்கு படிச்சுச்சு.

"யாரு நடவடிக்கை எடுக்கணும்னு இருக்கு?"

"நீதான்."

"மறுக்காப் படி."

மறுக்காப் படிச்சுச்சு. "நீதான் மதினி. உன் பேருதான்."

"அடியில பொத்துன்னு ஒண்ணு இருக்கே, அது என்னா?"

"ராசா குளம்பு."

செவத்தி எலைகிட்ட குனிஞ்சுச்சு. ஒரு கண்ணால எலையைப் பாத்துச்சு, தலையைத் திருப்பி அடுத்த கண்ணால பாத்துச்சு. அப்பறம் கொக்கரிச்சுச்சு பாருங்க ஒரு கொக்கரிப்பு, அது முட்டை விட்டுருச்சுன்னு பாதிக் காடு நெனச்சுக்கிச்சு.

"எந்திரி கொழுந்தனாரே. நடவடிக்கை எடுக்கப் போலாம்."

நேரா யானைகிட்ட போச்சு. "அண்ணே, பள்ளிக்கூட வாசல்ல பாறை வச்சது நீங்கதானே?"

"ஆமா தங்கச்சி. உருட்டச் சொன்னாங்க, உருட்டினேன்."

"இப்ப எடுக்கச் சொல்லுது. இந்தா ராசா குளம்பு. அப்படியே இன்னொண்ணு, இனிமே உங்க வீட்டுக்கு வரி பத்துக் கூடை."

குரங்கு மரத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிச்சு. யானை காதை ஆட்டி ஆட்டி யோசிச்சுச்சு.

"பத்துக் கூடைன்னா பத்து உலுக்கு. இதுக்கா இம்புட்டு நாள் மனு? எங்கிட்ட ஒருத்தரும் கேக்கவே இல்லையே!"

பாறை உருண்ட சத்தத்துல பெருச்சாளி தூக்கிவாரிப் போட்டு ஓடி வந்துச்சு. "ஏ கோழி! யாரைக் கேட்டுத் தொறந்த?"

"உங்களைக் கேட்டுத்தாங்கய்யா. நீங்கதானே அனுப்பினீங்க?"

"அட அறிவு கெட்ட கோழி, அது சும்மா வழக்கத்துக்கு எழுதினது! கூடையைத் தொடாத! அது மேலேருந்து எறங்கு! ராசாகிட்ட போவோம் வா!"

"வாங்க. நானே கூப்பிடணும்னு இருந்தேன்."

காடே பின்னாடி போச்சு. ராசா அசை போட்டுக்கிட்டு நின்னுச்சு. பெருச்சாளி மூச்சு வாங்கிக்கிட்டே, "ராசா, இந்தக் கோழி பள்ளிக்கூடத்தை ஒடைச்சிருச்சு. அது வச்சிருக்கிற குளம்பு செல்லாதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க" அப்டீன்னுச்சு.

"ஐயா, ஒரே ஒரு சந்தேகம்" அப்டீன்னுச்சு செவத்தி. "உங்களுக்கு வரி வாங்குற வேலை குடுத்தாங்களே, அந்த எலையில என்ன போட்டிருக்கு?"

"ராசா குளம்பு போட்டிருக்கு. ஏன்?"

"எந்தக் குளம்பு?"

பெருச்சாளி ராசா காலைப் பாத்துச்சு. "...இதே குளம்புதான்."

யானை முன்னாடி வந்துச்சு. "அப்ப இது செல்லாதுன்னா அதுவும் செல்லாதா? இம்புட்டு நாளா எங்கிட்ட வாங்கின கூடையெல்லாம்?"

"அதானே!" அப்டீன்னுச்சு பன்னி. "அதானே!" அப்டீன்னுச்சு கூட்டம்.

ராசா அசை போடுறதை நிறுத்திருச்சு. பொறந்ததுலேருந்து அந்த வாய் நின்னு யாரும் பாத்ததில்ல. ஒரு மைனா பயந்து கெளையிலேருந்து விழுந்துருச்சு. ராசா தன்னோட குளம்பைத் தூக்கி ஒரு தடவை பாத்துக்கிச்சு.

"செல்லும்" அப்டீன்னுச்சு.

ஒரே வார்த்தை. திரும்ப வாய் அசைய ஆரம்பிச்சுருச்சு.

பள்ளிக்கூடத்துக்குள்ள போயிக் கூடையை எறக்கினாங்க. முன்னாடி ரெண்டு வரிசையில பழம். மூணாவது வரிசையைத் தொட்டா சருகு. நாலாவது, சருகு. கடைசிக் கூடைக்குப் பின்னாடி செவத்துல ஒரு பொந்து, சரியா ஒரு பெருச்சாளி தொப்பை போற அளவுக்கு.

"வயித்துக்குத் தக்க வரின்னு படிச்சப்ப ஐயா மீசை ஆடுச்சுன்னு கொழுந்தனார் சொன்னாரு. ஏன்னு இப்பத்தான் தெரியுது" அப்டீன்னுச்சு செவத்தி.

ராசா தண்டனை குடுத்துச்சு. சருகு இருந்த கூடையெல்லாம் பெருச்சாளி நெரப்பணும். ஒவ்வொரு நாவப்பழமா, வாயில கவ்வி, நடந்து. எல்லாரும் சமம் இல்லையா?

மறுநாளே பாடம் ஆரம்பிச்சுருச்சு. அறுப்புக்கு இன்னும் மூணே நாள். கீரி வாத்தியார் திரும்பி வந்து பரபரன்னு சொல்லிக் குடுத்துச்சு. மொத நாள், வளைச்சுக் கட்டின கம்பு. ரெண்டாம் நாள், தரையோட படுத்துக் கெடக்குற கயிறு. மூணாம் நாள் சொன்னது இது.

"தெனை கதிர்லேருந்து தானா விழுந்தா செதறிக் கெடக்கும். வரிசையாக் கெடந்தா அது மனுசன் கை. வரிசை எங்க முடியுதோ அங்க சுருக்கு. மனசுல வச்சுக்கங்க."

பொட்டு மொத நாளு மத்தியானச் சோத்துக்குத்தான் வந்துச்சு. மூணாம் நாளு சோறு வந்ததைக்கூடக் கவனிக்காம, தரையில தெனையை வரிசையா வச்சு வச்சுப் பாத்துக்கிட்டு இருந்துச்சு.

அறுப்பு வந்துச்சு. வேடனுங்களும் வந்தானுங்க. அன்னைக்குச் செவத்தி கண்ணு ஒரு எடத்துல நிக்கல. சாயங்காலம் குஞ்சுகளை எண்ணுச்சு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு.

ஆறுதான்.

 செவத்தி காட்டோரத்தைப் பாத்து ஓடுச்சு, பறந்துச்சு, விழுந்து எந்திரிச்சு ஓடுச்சு. அங்க நாவ மரத்தடியில பொட்டு ஒரு கல்லு மேல சொகமா உக்காந்திருந்துச்சு. அதுக்கு எதுக்க பெருச்சாளி, வாயில ஒரு நாவப்பழம், ஒரு காலை அந்தரத்துல தூக்கிக்கிட்டு நட்ட கல்லு மாதிரி நின்னுக்கிட்டு இருந்துச்சு. அதோட மூக்குக்கு முன்னாடி தெனை. அழகா, வரிசையா. வரிசை முடியிற எடம் அது கால் வைக்கப் போன எடம்.

"நான்தான்மா நிப்பாட்டினேன்" அப்டீன்னுச்சு பொட்டு. "இன்னும் ஒரு அடி வச்சிருந்தா ஐயா மரத்துல தொங்கியிருப்பாரு."

பெருச்சாளி பழத்தைத் துப்பிட்டு, "தாயி, காலு மரத்துப் போச்சு. எந்தப் பக்கம் வைக்கணும்னு சொல்லச் சொல்லு. வெயில் சாய்ஞ்சதுலேருந்து நிக்கிறேன்" அப்டீன்னுச்சு.

"ஏன்டி, சொல்ல வேண்டியதுதானே?" அப்டீன்னுச்சு செவத்தி.

"சொல்லலாம்மா. ஆனா கால் வைக்கிறது எனக்குச் சம்பந்தமான்னு தெரியல. அதான் தக்க நடவடிக்கைக்காக வாத்தியாருக்குச் சொல்லி அனுப்பியிருக்கேன். வாத்தியார் ஆந்தைக்கு அனுப்புனாலும் அனுப்புவாரு. கொஞ்சம் பொறுங்க ஐயா, போய்க்கிட்டே இருக்கு."

செவத்திக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்துச்சு. குஞ்சை ரெக்கைக்குள்ள இழுத்து அணைச்சுக்கிட்டு, "ஏழு" அப்டீன்னுச்சு. அதுக்கப்பறம் செவத்தி சொல்லச் சொன்னதுக்குப் பின்னாடிதான் பொட்டு, "எடது பக்கம் வைங்கய்யா. பாத்து, மெதுவா" அப்டீன்னு சொல்லுச்சு.

மறுநாள் காலையில பள்ளிக்கூடத்துல, பிள்ளைங்களுக்குப் பின்னாடி, கடைசி வரிசையில ஒரு பெருச்சாளி தொப்பையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு.

இந்தக் கதையோட நீதி: தன் பொறுப்பை அடுத்தவன் தலையில தள்ளுறவன், தன் அதிகாரத்தையும் சேத்தே தள்ளி விட்டுர்றான்.